காதுக்குப் பின்னால் குங்குமம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளே, இன்னும் கொஞ்சம் கிட்டே. அந்த ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள். சாப்பிட்ட தட்டு அப்படியே இருக்கட்டும், அப்புறம் கழுவிக்கொள்ளலாம். பொறாமையில் வெந்துபோன ஒரு மனிதனின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் அவனைப் பார்த்து ரொம்பவும் சிரித்துவிடாதீர்கள். அந்த நெருப்பு ஒரு பொறியாவது இல்லாத வயிறு யாருக்கு இருக்கிறது?

ஆந்திராவில் நம் சித்தூர்ப் பக்கம், கார்வேட்டிநகரத்தில் ஏகாம்பரம் என்று ஒருத்தன். மாந்தோப்பு உண்டு, சொந்த டிராக்டர் உண்டு. இருந்தாலும் ஊரில் அவனைத் தோப்புக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. ஃபுட்பால் மேனேஜர் என்றுதான் சொல்வார்கள். நம் பக்கத்து மேனேஜர் டிவியில் வருகிற மாதிரி கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. ஆளைப் பொறுக்குவது, ஓட வைப்பது, பந்துக்குக் காற்றடிப்பது, வேனுக்குச் சொல்லி வைப்பது, எலுமிச்சைச்சாறு கரைப்பது எல்லாம் அவன் தலையில்தான். தோற்றால் ஊர் திட்டுவதும் அவனைத்தான்.

வாலிபத்தில் ஏகாம்பரம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பேசும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவார்கள். புத்தூர், நகரி, சத்தியவேடு என்று அவன் கோல் போடாத மைதானம் கிடையாது. பந்து அவன் காலுக்கு வருகிறபோதே அடுத்து அது எங்கே போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மோதலில் இடது கணுக்கால் திருகிக்கொண்டது. அது முதல் அந்தப் பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்தபடியே நடக்கும். ஆட்டம் நின்றது, மேனேஜர் ஆனான்.

அதே டீமில் முனிகிருஷ்ணன் என்று ஒருத்தன் இருந்தான். இருந்தான் என்பதைவிட உட்கார்ந்திருந்தான் என்று சொன்னால் சரியாக இருக்கும். இரண்டாவது கோல்கீப்பர். முதல் கீப்பருக்குக் காய்ச்சல் வந்தால் இவன் இறங்கலாம். அந்தப் பாவி மனுஷனுக்குக் காய்ச்சலே வரவில்லை. அதனால் முனிகிருஷ்ணன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பையும் சட்டையையும் பார்த்துக்கொண்டான். அப்புறம் பிழைக்கத் திருப்பதிக்குப் போனான். ஒரு லாட்ஜில் சூப்பர்வைசர் ஆனான். ரூம் பெருக்குகிறவன், ஆட்டோ ஓட்டுகிறவன், மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன் என்று கையில் அகப்பட்டவர்களைச் சேர்த்து ஒரு டீம் வைத்தான்.

அந்த டீம் ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஏகாம்பரத்துக்கு வந்த வினை அதுதான்.

சித்தூரில் மாங்காய் மண்டிக்காரர்கள் சேர்ந்து சீசனுக்கு ஒரு கப் வைப்பார்கள். வருஷா வருஷம் அந்தக் கப் திருப்பதி பஸ் ஏறியது. தெலுங்குப் பேப்பரில் முனிகிருஷ்ணன் படத்தைப் போட்டு, இந்தப் பக்கத்திலேயே பெரிய மேனேஜர் இவர்தான் என்று எழுதினார்கள். ஏகாம்பரம் அந்தப் பேப்பரை மடித்து டிராக்டர் சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க உழுதான்.

வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். பந்து எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாதவன் பெரிய ஆளாம், உலகம் எங்கே போகிறது பார் என்று மனைவி வெங்கடலட்சுமியிடம் புலம்புவான். அவளும் எத்தனை நாள் கேட்பாள்? ஒரு நாள் இட்லியை அவன் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“நீ இட்லி துன்றியா, முனிகிருஷ்ணனத் துன்றியா? எதுனா ஒண்ணு துன்னு.”

இப்படிப் புகைந்துகொண்டிருந்த அடுப்பில் இந்த வருஷம் எண்ணெய் ஊற்றியவன் கோகுலகிருஷ்ணன். ஏகாம்பரத்தின் அக்கா மகன். தகப்பன் இல்லாத பிள்ளை. இவன் தோளிலேயே வளர்ந்தவன், இப்போது இவன் டீமின் ஃபார்வர்டு. அவன் கோல் போடாவிட்டால் கார்வேட்டிநகரத்துக்குக் கோல் இல்லை. அவன் வந்து நின்றான். அடுத்த சீசன் திருப்பதிக்கு ஆடப் போகிறேன் மாமா, முனிகிருஷ்ணன் அண்ணன் டீமுக்கு, நீ சரி என்று சொன்னால் போகிறேன் என்றான்.

ஏகாம்பரத்துக்குக் கண் இருட்டியது. ஏன் போகிறாய் என்று கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னான். இந்தத் தடவை ஃபைனலில் அவனை அடித்துக் காட்டுகிறேன். அடித்தால் நீ எங்கேயும் போகக்கூடாது. தோற்றால் நானே அனுப்பி வைக்கிறேன். கோகுல் மாமன் முகத்தைப் பார்த்தான், சரி என்றான்.

இரண்டு டீமும் ஃபைனலுக்கு வந்தன. ஏகாம்பரத்தின் கையில் ஒரு துருப்பு இருந்தது. திருப்பதி டீம் ஆடிய செமிஃபைனலை அவன் சித்தூரில் ஒரு மாங்காய் லாரி மேல் உட்கார்ந்து பார்த்திருந்தான். ஆயிரம் பேர் பார்த்த அந்த ஆட்டத்தில் அவன் ஒருத்தன் கண்ணுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. அவர்களுடைய லெஃப்ட் பேக், முனிகிருஷ்ணனின் பழைய கூட்டாளி திருமலை, பந்து பின்னால் போனபோதெல்லாம் இடுப்பைத் திருப்பவில்லை, மொத்த உடம்பையும் திருப்பினான். முட்டி போய்விட்டிருந்தது. அந்தப் பக்கமாகக் கோகுலை ஓடவிட்டால் போதும். இதை ஏகாம்பரம் யாரிடமும் சொல்லவில்லை. கோகுலை மட்டும் தினமும் வலது ஓரத்தில் ஓடப் பழக்கினான்.

இருந்தாலும் தூக்கம் வரவில்லை. முனிகிருஷ்ணன் ஏதோ மருந்து வைத்திருக்கிறான், அது என்ன என்று தெரியாமல் எப்படி ஃபைனலுக்குப் போவது? போய்ப் பார்த்துவிட வேண்டும். ஆனால் திருப்பதி பசங்க எல்லோருக்கும் இவன் முகம் தெரியுமே!

வழியைக் காட்டியது கங்கம்மா ஜாத்திரை. வைகாசி வெயிலில் திருப்பதியில் ஜாத்திரை நடக்கும்போது ஆம்பளைகள் ஒவ்வொரு நாளும் ஒரு வேஷம் கட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் பண்ட வேஷத்து நாளில் உடம்பெல்லாம் குங்குமம் பூசி, பூமாலை போட்டுக்கொண்டு தெருவில் திட்டிக்கொண்டே போவார்கள். வாயில் வந்த வசவெல்லாம் வசவு. யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது. திட்டுகிறவன் திட்டவில்லை, அம்மா திட்டுகிறாள். திட்டு வாங்கினவனுக்குப் பீடை கழியும். காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட வேண்டும். தெருவெல்லாம் சிவப்பு மனிதர்கள் நடமாடுகிற அன்றைக்கு ஒரு சிவப்பு மனிதனை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. ஜாத்திரை அதற்கு முந்தி. வெங்கடலட்சுமியின் தங்கை வீடு திருப்பதியில் இருந்தது. ஜாத்திரை பார்க்கப் போகலாம் என்று இவனே கூப்பிட்டான். அவள் சந்தோஷமாகத்தான் வந்தாள். குங்குமத்தில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துத் தரச் சொன்னபோதுதான் அவள் கை நின்றது.

“இன்னா வேண்டுதல்?”

பொதுவாக ஒரு வேண்டுதல் என்றான்.

“பொதுவா எவனாவது வேஷம் கட்டுவானா? இத பாரு, மனசுல வேற வெச்சிகினு பூசாத. அம்மா உன் வாயவே புடிச்சிக்குவா.”

பேசாமல் முதுகில் பூசு என்றான். அவள் பூசினாள். முகம், கழுத்து, காது மடல், காதுக்குப் பின்னால், ஓர் இடம் விடாமல் பூசினாள். தலைக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி, கழுத்தில் சாமந்தி மாலை போட்டுவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது ஏகாம்பரத்துக்கே ஏகாம்பரத்தைத் தெரியவில்லை.

முனிகிருஷ்ணனின் ஆட்கள் காலையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பழகுவார்கள். கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு போய் ஏகாம்பரம் அந்தச் சுவரோரம் ஒதுங்கினான். மூன்று சிவப்பு மனிதர்கள் ஏற்கெனவே அங்கே நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு இவனும் குந்தினான்.

பழக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஓடினார்கள், பாஸ் போட்டார்கள், நம் ஊரில் செய்வதைவிட மோசமாகவே செய்தார்கள். இதற்கா கப் என்று ஏகாம்பரம் உள்ளுக்குள் எரிந்தான். பழக்கம் முடிந்ததும் முனிகிருஷ்ணன் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து மைதானத்தின் நடுவில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். இதோ சொல்லப் போகிறான் என்று ஏகாம்பரம் காதைத் தீட்டிக்கொண்டான்.

ஆனால் பேசியவன் முனிகிருஷ்ணன் இல்லை. ஆட்டோ ஓட்டுகிற ஒருத்தன் முன்னால் வந்து, மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தான். முதலில் விட்ட இரண்டு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன், உங்கள் காது பிஞ்சுக் காது. அப்புறம், என் கல்யாணத்தன்றைக்குக் காலையில் பிராக்டீஸ் வைத்தவன் நீ என்றான். அடுத்தவன் வந்தான். ஹாஃப் டைமில் நீ பேசுகிற பேச்சு ஒரு மண்ணும் புரியவில்லை என்று தெலுங்கில் சொன்னான். எலுமிச்சைச்சாறில் சர்க்கரை போடாத கஞ்சன் என்றான் இன்னொருத்தன். தமிழரசு என்று ஓட்டக்காரன் ஒருத்தன், ஒரு தடவை என்னை இறக்கிவிடாமல் விட்டதற்கு இப்போதும் மனசு ஆறவில்லை என்று சொல்லும்போதே அழுதுவிட்டான். முனிகிருஷ்ணன் எதற்கும் பதில் சொல்லவில்லை. காதில் வேப்பிலைக் கொத்து, கைகள் முட்டி மேல், தலை கொஞ்சம் குனிந்தபடி. ஜாத்திரை நாளில் வருஷத்துக்கெல்லாம் சேர்த்து அவனைத் திட்டுவது அந்த டீமின் வழக்கமாம். அவன் வாயைத் திறக்கக்கூடாது என்பதும் வழக்கமாம். பக்கத்துப் பீடிக்காரன் சொன்னான்.

ஏகாம்பரத்துக்கு வயிறு குளிர்ந்தது. மருந்தாவது மாயமாவது, இந்த டீம் உள்ளுக்குள்ளே அழுகிக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓர் உதையில் உதிர்ந்துவிடும் என்று நினைத்தான். எழுந்து போய்விட்டிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

எழுந்தான். ஆனால் முனிகிருஷ்ணன் அவனைப் பார்த்துவிட்டான். அன்றைக்கு வேஷம் கட்டினவர் வாசல் பக்கம் வந்தால் வெறுமனே விடக்கூடாது அல்லவா? ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு வந்து ஏகாம்பரத்தின் காலில் ஊற்றினான். ஊற்றிக்கொண்டிருந்தவன், இடது பாதத்தின் மேல் இன்னும் கொஞ்சம் ஊற்றினான். பிறகு கைகூப்பினான்.

“தல்லீ, அம்மா தாயே, நீயும் ஒரு வார்த்தை திட்டிட்டுப் போ. பசங்க இன்னிக்கி ரொம்ப மரியாதையாத் திட்டறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, சும்மா பேருக்கு இரண்டு வசவு விட்டான். வாய் திறந்ததுதான் தாமதம் கண்ணுகளே. எத்தனை வருஷத்துப் பொறாமை! பேப்பர் மேல் உட்கார்ந்து உழுத பொறாமை! அது நாக்கைப் பிடித்துக்கொண்டது. கரகரப்பு போய்ச் சொந்தக் குரலே வந்தது.

“உன்ன எவன்டா பெரிய மேனேஜருன்னு சொன்னது? பந்து வந்தா கண்ண மூடிக்கிற பய நீ. கோட்டுக்கு வெளிய குந்திகினு செருப்புக்குக் காவல் காத்தவன்டா நீ. உனக்குக் கப்பா?”

செருப்பு என்ற சொல்லில் முனிகிருஷ்ணனின் தலை ஒரு கணம் நிமிர்ந்தது. மறுபடி குனிந்துகொண்டது.

“கண்ணு இருக்குதாடா உனக்கு? அதோ நிக்கிறானே திருமலை, அவன் முட்டி போயி எத்தினி நாளாச்சி தெரியுமா? திரும்பணும்னா உடம்பையே இட்டுகினு திரும்பறான். கூட்டாளி கூட்டாளின்னு அவன அங்க நிக்க வெச்சிகினு கீற. வேகமா ஒருத்தன் அந்தப் பக்கம் வந்தா உன் கோலு தொறந்த வூடுடா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தான். குங்குமம் உதட்டில் ஒட்டியது.

மைதானத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. முனிகிருஷ்ணன் வேஷக்காரனைப் பார்க்கவில்லை, திருமலையைப் பார்த்தான். நிஜமா என்று மெதுவாகக் கேட்டான்.

“நெசந்தாண்ணா. சொன்னா வெளிய குந்த வெச்சிடுவியேன்னு சொல்லல.”

முனிகிருஷ்ணன் போய் அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் என்னவோ பேசினார்கள். அது யார் காதிலும் விழவில்லை. யாரோ ஏகாம்பரத்தின் கையில் ஒரு கிண்ணம் கூழைக் கொடுத்தார்கள். அதைச் சுவர்மேல் வைத்துவிட்டு, வெங்கடலட்சுமியின் தங்கை வீட்டுக்கு நழுவினான்.

வெங்கடலட்சுமி கடலைமாவும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தாள். உடம்பு வெளுத்தது. காதுக்குப் பின்னால் மட்டும் சிவப்பு விடவில்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தவனை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாயைப் பிடித்துவிட்டாளா என்று கேட்டாள். அவன் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டான்.

ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். முனிகிருஷ்ணன் ஈர மனசுக்காரன். பழைய கூட்டாளியை உட்கார வைக்க அவனுக்கு மனசு வராது. அந்த நல்ல மனசே அவனைக் கவிழ்த்துவிடட்டும் என்று, கங்கம்மாவிடமே வேண்டிக்கொண்டான் ஏகாம்பரம்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் மைதானத்தைச் சுற்றி மாங்காய் லாரிகள் நின்றன, லாரிகள் மேல் ஜனங்கள் நின்றார்கள். வெயில் இறங்குகிற நேரத்தில் டீம்கள் இறங்கின. ஏகாம்பரம் தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக் காதை மறைத்திருந்தான். எதிர்ப்பக்கம் பார்த்தான். லெஃப்ட் பேக் இடத்தில் திருமலை இல்லை. தமிழரசு நின்றான்.

கோகுல் வலது ஓரத்தில் பறந்தான். போகிற இடமெல்லாம் தமிழரசு கூடவே பறந்தான். அதைக்கூட ஏகாம்பரம் பொறுத்துக்கொள்வான். பொறுக்க முடியாதது வேறொன்று. திருமலை, இடத்தை இழந்தவன், அழுது முகம் வீங்கி வீட்டில் படுத்திருக்க வேண்டியவன், டீம் சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டோரம் நின்று ஆட்டோ ஹாரன் மாதிரி கத்திக்கொண்டிருந்தான். உள்ளே வா, இப்போது விடு, அவன் உள் பக்கம் வெட்டுவான் பார் என்று தமிழரசின் ஒவ்வோர் அடிக்கும் அவன் தொண்டை கூடவே ஓடியது. அடிபட்ட முட்டியோடு அவனும் ஆடிக்கொண்டுதான் இருந்தான்.

ஏகாம்பரம் தன் டீமில் இறங்காமல் வெளியே உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். மாசிலாமணி ஃபோனில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தான். யார் இறங்குகிறார்கள் என்பதை ஏகாம்பரம் எப்போதும் வாட்ஸாப்பில் போட்டுவிடுவான். பேர் இருந்தால் ஆட்டம், இல்லாவிட்டால் இல்லை. மாசிலாமணி அன்றைக்கு அதைப் பார்க்காமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்து, வேனில் ஏறின பிறகுதான் தன் பேர் இல்லை என்று தெரிந்துகொண்டான்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் திருப்பதிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கசமுசாவென்று காலும் தலையும் மோதி, பந்து யார் முழங்காலிலோ பட்டு உள்ளே போனது. அழகான கோல் இல்லை. ஆனால் கோல் கோல்தான். அதோடு முடிந்தது.

கப்போடு ஃபோட்டோ எடுக்கிற கூட்டத்தில் முனிகிருஷ்ணன் இல்லை. அவன் மைதானத்தைக் கடந்து, பந்துகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்திடம் வந்தான். பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டான். ஏகாம்பரத்தின் முண்டாசு அவிழ்ந்து தோளில் கிடந்தது.

“காதுக்குப் பின்னால இன்னும் செவப்பு கீதுண்ணா. நல்லெண்ண தேச்சிக் குளி, வுட்டுடும்.”

ஏகாம்பரத்துக்குக் காது மட்டும் இல்லை, முகம் முழுக்கச் சிவந்தது. எப்போது தெரிந்தது என்று கேட்டான்.

“கால்ல தண்ணி ஊத்தும்போதே. கோட்டுக்கு வெளிய குந்திகினு உன் பாதத்ததானண்ணா எத்தினி வருசம் பாத்தேன்.”

“தெரிஞ்சேவா கேட்டுகினு நின்ன?”

“ஆட்டம் உனக்குத் தெரியற மாதிரி எனக்குத் தெரியாதுண்ணா, என்னிக்கும் தெரியாது. யாரு திட்டினா இன்னா, சொன்னது நெசமாச்சே. என் பசங்க ஒருத்தனும் சொல்லல, நீ சொன்ன.” கீழே கிடந்த ஒரு பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னான். “உன் கண்ணு எனக்கு இருந்திருக்கக் கூடாதான்னு நான் வயிறெரியாத நாளில்லண்ணா.”

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். தோற்றது வலித்ததைவிட அது அதிகமாக வலித்தது. அவனுக்கும் வயிறு எரிகிறதாம். எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு அவன் கப் தூக்குகிறான், நான் எரிந்து சாம்பலாகிறேன் என்று வேனில் ஊர் வரும்வரை ஏகாம்பரம் நினைத்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் தோப்பில் மாங்காய் இறக்கினார்கள். டீமில் பாதிப் பேர் அங்கேதான் கூலிக்கு வருவார்கள். கோகுலும் வந்திருந்தான். ஏகாம்பரம் வந்ததும் பேச்சு நின்றது. தோற்ற மறுநாள் அவன் ஒவ்வொருத்தனையும் நிறுத்திவைத்து என்னென்ன தப்பு செய்தாய் என்று உரிப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். அவனும் அதற்குத்தான் வந்தான். வாயைத் திறந்தவன், என்ன தோன்றியதோ, மாங்காய் அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டி, காலியாகக் கிடந்த ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

“கோகுலு, ஏன் போறேன்னு நான் உன்னக் கேக்கவே இல்ல. சொல்லு. நான் வாயத் தொறக்கல.”

கோகுல் நகரவில்லை. ஜாத்திரை முடிந்துபோய்விட்டதே மாமா என்று மட்டும் சொன்னான். முனிகிருஷ்ணனின் வழக்கம் அவனுக்கும் தெரிந்திருந்தது போல.

பரவாயில்லை, சொல் என்றான் ஏகாம்பரம்.

கோகுல் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தான்.

“நான் கோல் போட்டா எல்லாரும் கத்துவாங்க. நான் உன்னத்தான் பாப்பேன் மாமா. உன் மொகம் வாடும். கொஞ்சந்தான், ஆனா வாடும். அப்புறம் கிட்ட வந்து, நானா இருந்தா அந்த மூலையில போட்டிருப்பேன்னு சொல்லுவ. சின்னப் புள்ளையில இருந்து அத்தத்தான் கேட்டுகினு வரேன். ஒரு நாளாவது நீ கத்தணும்னு எனக்கு ஆசை. அங்க போனா யாராவது கத்துவாங்க.”

ஏகாம்பரத்தின் வாயில் பதில்கள் முட்டி மோதின. உன்னை யார் வளர்த்தது, பூட்ஸ் யார் வாங்கித் தந்தது, அந்த மூலையில் போட்டிருந்தால் நல்லதுதானே. ஒவ்வொன்றும் உண்மைதான். நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சொன்னது உள்ளே இறங்கியது. இறங்கிய இடத்தில் ஏற்கெனவே அது இருந்தது. அக்கா பிள்ளை ஒவ்வொரு கோல் போடும்போதும், புத்தூரிலும் நகரியிலும் தான் போட்ட கோலில் ஒன்றை ஜனங்கள் மறக்கிறார்கள் என்று நெஞ்சு சுருங்கும். முனிகிருஷ்ணன் மேல் எரிந்த அதே நெருப்பு. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை மேலும் அதுவேதான் எரிந்துகொண்டிருந்தது.

அவன் பேசாமல் இருப்பதைப் பார்த்து மரத்து மேலிருந்து மாசிலாமணியின் குரல் வந்தது.

“நேத்து அவங்க கீப்பரு முன்னால முன்னால வந்து நின்னான். தலைக்கு மேல தூக்கிப் போட்டிருந்தா கோலு.”

ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்தான். சொன்ன சொல்லை மறந்து வாய் திறந்துவிட்டது. ஏன்டா அப்போதே சொல்லவில்லை என்றான்.

“நீ கேக்கலியே. நீ என்னப் பாத்தே ரெண்டு மாசமாச்சி.”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தனாக ஆரம்பித்தார்கள். முதலில் பயந்து பயந்து, போகப் போகச் சுருதி ஏற்றி. வெயில் உச்சிக்கு வரும்வரை அந்தக் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தான் ஏகாம்பரம். அவன் வாழ்க்கையில் ஆடிய ஆட்டத்திலெல்லாம் அது கஷ்டமான ஆட்டம்.

கடைசியில் எழுந்து, சொன்ன சொல் சொன்னதுதான், திருப்பதிக்கு நானே அழைத்துப் போகிறேன் என்று கோகுலிடம் சொன்னான்.

அப்படியே செய்தான். சீசன் ஆரம்பிக்கும்போது பைக்கில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனான். முனிகிருஷ்ணன் டீ வாங்கிக் கொடுத்தான். ஏகாம்பரம் டீயைக் குடித்து முடித்தான். கிளம்பும்போது சொன்னான். வலது பக்கம் ஆடவிடு, இடது காலை நம்பாதே. காலையில் வெறும் வயிற்றில் ஓட வைக்காதே, அவனுக்கு மயக்கம் வரும். அப்புறம், கொஞ்சம் தயங்கி, கோல் போட்டால் சத்தமாகக் கத்து என்றான்.

பைக்கைக் கிளப்பிக்கொண்டு வரும்போது கண்ணாடியில் பார்த்தான். முனிகிருஷ்ணன் கோகுலின் தோளில் கை போட்டு என்னவோ சொல்ல, அந்தப் பிள்ளை சிரித்தது. ஏகாம்பரத்துக்குப் புத்தூர் வரும்வரை வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து மோர் குடித்த பிறகும் எரிந்தது.

நெருப்பு அணையவில்லை கண்ணுகளே, அணைந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏகாம்பரம் யாரை வெளியே உட்கார வைத்தாலும், அந்த ஆளின் வீட்டுக்கே போய்ச் சொல்ல ஆரம்பித்தான். மைதானத்து ஓரத்தில் ஒரு பழைய மாங்காய் கிரேட் நிரந்தரமாகக் கிடக்கிறது. ஆட்டம் முடிந்தால் அதன்மேல் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்கிறான். மாசிலாமணிக்கு இப்போது ஃபோன் பார்க்க நேரமில்லை. பேப்பரில் முனிகிருஷ்ணனும் கோகுலும் சேர்ந்து நிற்கிற படம் வந்தபோது, ஏகாம்பரம் தோப்பில் டிராக்டரை நிறுத்திவிட்டு முழுசாகப் படித்தான். கோகுலின் கோலைப் பற்றி எழுதின இடத்தில், சுற்றிலும் ஆளில்லாததைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டு ஒரு கத்துக் கத்தினான். மாமரத்துக் காக்கையெல்லாம் எழுந்து பறந்தன.

பிறகு பேப்பரை மடித்து, சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து உழப் போனான்.

போங்கள் கண்ணுகளே, தட்டைக் கழுவிவிட்டுப் படுங்கள். உங்கள் வீட்டில் மூஞ்சிக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒரு வாய் என்றைக்கும் இருக்கட்டும். அதைக் கேட்டுக்கொண்டு உட்காரக்கூடிய ஒரு காதும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் ஜெயித்து வருகிறபோது வாசலில் முதலில் கத்துகிற குரல் உங்கள் குரலாகவே இருக்கட்டும். உங்கள் அடுப்பில் மட்டும் நெருப்பு எரியட்டும், வயிறு குளிர்ந்திருக்கட்டும். கங்கம்மா உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றட்டும்.